பன்னிரண்டாம் எண் வீட்டுச் சுவர்

மார்ச் 4
குடிநீர் வாரியத்தில் இந்தத் தெருவை என் தலையில் கட்டிவிட்டார்கள். மேட்டிலிருந்து பள்ளம் வரை முப்பத்தொரு தனி வீடுகள், உயரமான கேட்டுகள், ஆள் நடமாட்டமே இல்லை. குடிநீர்க் குழாய் எங்கோ கசிகிறது. நான் கண்டுபிடிக்க வேண்டும். இரும்புக் கம்பியை ஒவ்வொரு வால்விலும் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். ஒரு வீட்டு நாய் குரைத்து முடித்ததும் அடுத்த வீட்டு நாய் என் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

மார்ச் 5
பன்னிரண்டாம் எண் வாசலில் இரைச்சல். மெல்லியது, விடாமல். வலது காதில்தான் கேட்டது. இடது காது ஆறு மாதமாக மந்தம் — ஆபீசில் யாருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் கம்பியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டதே? கேட்டது குழாயா, என் காதா?

மார்ச் 6
பன்னிரண்டாம் எண்ணில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். முற்றத்துக்குப் போன மாதம்தான் புதுக் கல் பதித்திருக்கிறார். ஓரத்தில் நான்கு கல்லைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும் என்று பதமாகத்தான் சொன்னேன்.

"உன் காதுக்கு என்னவோ கேக்குதுன்னு நான் என் வீட்டை உடைக்கணுமாம்மா?"

முற்றத்தின் ஓரம்வரை நடந்து கீழே எட்டிப் பார்த்தேன்.

முற்றத்தின் பள்ளப் பக்கம், மண்ணைத் தாங்கி இரண்டு ஆள் உயரச் சுவர். அதை ஒட்டி, கீழே பதினான்காம் எண் வீட்டின் தகரக் கூரை அறை. அந்த வீட்டு டீச்சர் தினமும் நாலு மணிக்கு அதில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைத் தொட்டேன். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. பின்னால் மண் ஊறிப்போய்ச் சுவரைத் தள்ளுகிறதோ?

மார்ச் 7
கசிவை அளக்கும் கருவி பழுதுக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் என்ஜினீயர். பன்னிரண்டாம் எண் பெரியவரோடு வம்பு வேண்டாம் என்றும்.

மார்ச் 8
காலையிலிருந்து மழை. டீச்சரிடம் சொல்லவா, வேண்டாமா? சொல்லி ஒன்றும் ஆகாவிட்டால் புகார் போகும், காதைச் சோதிப்பார்கள், வேலை போகும். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

மூன்றரைக்கு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.

"டீச்சர், பிள்ளைங்கள அந்த ரூம்ல உக்கார வைக்காதீங்க."

ஆபீஸ் உத்தரவா என்று கேட்டார். இல்லை, நானாகச் சொல்வது என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர். எனக்கு ஒரு காது சரியாக் கேக்காது. இருந்தாலும் சொல்றேன்."

ஆறு மாதம் அடக்கி வைத்ததை, முன்பின் பழகாத ஒருவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெஞ்சை முன் ஹாலுக்கு இழுக்க ஆரம்பித்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மார்ச் 9
ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளை ஏன் நெருக்கி உட்கார வைக்கிறீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்களாம். டீச்சர் எத்தனை நாள் என் பேச்சைக் கேட்பார்?

மார்ச் 10
பெரியவர் என்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 11
சாயங்காலம் நாலு ஐம்பதுக்குச் சுவர் விழுந்தது. தகர அறை இருந்த இடமே தெரியவில்லை. பிள்ளைகள் ஹாலில் இருந்தார்கள். ஒன்பது பேரும். டீச்சர் போனில் ஒவ்வொருவராக எண்ணிச் சொன்னார்.

மார்ச் 14
பெரியவரே நின்று கல்லைப் பெயர்க்கச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. குழாயில் விரல் நுழையும் ஓட்டை.

என்ஜினீயர் பாராட்டிவிட்டு அடுத்த தெருவின் வரைபடத்தை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. காதைப் பற்றிச் சொன்னேன். வரைபடத்தை மடித்து வைத்தார். பிறகு திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்குள்ளேயே வேலை பார்க்கச் சொன்னார்.

மார்ச் 15
காது டாக்டரிடம் என் வீட்டுக்காரரும் வந்தார். ஏன் மறைத்தாய் என்று கேட்பார், கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ரோட்டைக் கடந்ததும் மெல்ல மாறி, என் வலது பக்கம் வந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்.