வயிற்றுக்குள் போன கப்பலின் மீதிக் கதை

ஏனுங்க,

டோக்கன் வாங்க நான் முன்னாலேயே பீளமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உள்ளே போய்ப் படம் பிடிக்கிற அந்தக் கேமரா மாத்திரையை நீங்கள் வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும். நீங்கள் காப்பி போட்டுவிடக் கூடாதென்று பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டு லோகப்பிரியாவிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று டிவியில் போட்ட படத்தில், சுண்டைக்காயளவு சுருங்கிய விண்கப்பல் ஆட்களோடு ஒரு பெரியவர் வயிற்றுக்குள் போனதும், "என்ர வயித்துக்குள்ள எவனும் கப்பல் உட வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டீர்கள். மீதியைக் கேளுங்கள். உள்ளே கேப்டன்தான் ரசத்தில் வழுக்கி விழுந்து அலறினார். பெரியவர் ஒரு ஏப்பம் விட்டார், அவ்வளவுதான். ரத்தம் கசிகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கப்பல் பத்திரமாக வெளியே வந்தது.

உங்கள் வயிற்றிலும் ரத்தம் எங்கே கசிகிறதென்று தெரிந்தாக வேண்டுமுங்க. எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.

மாரியாத்தாள்

முக்கு பேக்கரியில டீ குடிச்சுப்போட்டீங்கன்னா மறைக்காமச் சொல்லுங்க, வேற நாள் கேட்டுக்கலாம். வராம மட்டும் இருந்துபோடாதீங்க.