எண்ணெய் தடவாத நார்

இன்று அலமாரியைத் துடைத்தபோது அந்தப் பலகை கைக்கு வந்தது. ஒரு முழம்கூட இல்லை. ஜன்னல் வெயில் பட்டதும் பிளாஸ்டிக் பிசின் வாடை மூக்கில் ஏறியது. கூடவே உன் சிரிப்பும் வந்தது. போய்ச் சேர்ந்த பிறகும் என்னை விட மாட்டேன் என்கிறாய்.

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த ஓரகத்திகள் நாம். வந்ததிலிருந்து உன் குழம்புக்குத்தான் பேர். அதைப் பொறுத்தேன். ஆனால் பேத்தி என் மகன் பெற்ற பெண். திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிறவள். நம் ஊர் வடமாலபேட்டையில் அவளைத் தெரியாதவர் யார்?

அன்றைக்கு நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "ஆயா, சின்னாயா, காலேஜ் பிராஜெக்டுக்கு வாழநாரு எடுத்துக் குடுங்க. மேலயும் கீழயும் ஃபைபர் கிளாஸுன்ற கண்ணாடி நாரு, நடுவுல வாழநாரு, பிசின் ஊத்தி பலகை செய்யணும். கண்ணாடி பலம், வாழ லேசு. ரெண்டும் சேரணும்."

நீ பட்டையைச் சுரண்டிக் காயப்போட்டு, பரட்டைத் தலை மாதிரி சுருட்டிக் கொடுத்தாய். நான் விடுவேனா? அலசி, சிக்கெடுத்து, தேங்காயெண்ணெய் தடவி, பட்டு மாதிரி மினுக்கிக் கொடுத்தேன்.

இரண்டு பலகையோடு வந்தாள். என் நார் வைத்ததைக் கையாலேயே பிரித்தாள். ஏடு ஏடாகக் கழன்றது.

"எண்ணெ பட்டா பிசின் புடிக்காது ஆயா. சின்னாயா நாருதான் கெட்டியா புடிச்சிகினு கீது."

"தல வாரின, பூ வெக்க மறந்துட்டியே யக்கா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தாய்.

"இளிக்காதடி, பல்லு செட்டு வுழுந்துடும்" என்றேன்.

பேத்தியும் உன்னோடு சேர்ந்து சிரித்தாள். அதுதான் சுட்டது. நல்ல பலகையை உன் மடியில் வைத்துவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினாள். என் மடி காலியாகவே இருந்தது.

நீ போன பிறகு உன் மருமகள் அதை என்னிடம் கொடுத்தாள். வீசியிருப்பேன், பேத்தி கை பட்டதாயிற்றே. பிரித்துப் பார்த்தேன், அசையவில்லை. வெட்டிய ஓரத்தில் உன் பரட்டை எட்டிப் பார்க்கிறது.

வருகிறவர்களிடம், "எம் பேத்தி செஞ்சது" என்று எடுத்துக் காட்டுவேன். ஒரு நாள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி ஓரத்தைத் தடவி, "லோபல ஏமுந்தி அக்கா? உள்ள இன்னா வெச்சிகீது?" என்றாள்.

என் நாரென்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பேத்தி பெயரில் பொய் வேண்டாமென்று, "எங்க ஓரகத்தி எடுத்த நாரு" என்றேன். என் பெருமைக்கு நடுவிலும் நீதான் உட்கார்ந்திருக்கிறாய், தலைகூட வாராமல்.