பூனைக்கு ஊசி போட்டாச்சா?

அன்பு மகளுக்கு,

நீ விட்டுப்போன பூனை உயிரோடு இருக்கிறது. கிழத்துக்குச் சர்க்கரை வந்துவிட்டது. "மனுஷங்களுக்குப் போடற இன்சுலினே போதும், விலையும் கம்மி. சோறு, பால், பிஸ்கட்டை நிறுத்திட்டு வெறும் கறி குடுங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

எனக்குத்தான் கை நடுங்குமே. அம்மாதான் போடுகிறாள். மடியில் போட்டுத் தோலைத் தூக்கி ஊசியை ஏற்றினால் பூனைக்குத் தெரிவதே இல்லை. நர்ஸ் கை, அது எதையும் மறக்கவில்லை.

போன வாரம் காலையில் ஊசி போட்டவள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் போட்டுவிட்டாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப் பூனை துவண்டு விழுந்தது. ஈறில் தேனைத் தடவி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்துக்கொண்டது.

"நான் எங்கங்க போட்டேன்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். வயசானால் மறதி வராதா? நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இப்போது மருந்தை ஃபிரிட்ஜில் காய்கறிக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். ஆனால் பாலை எங்கே ஒளிப்பது? "பாவம், காலையிலேர்ந்து பட்டினி" என்று ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். கத்தியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

இன்று ஊசி போட்டுவிட்டுப் பூனையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "சமத்துப் பூனை. யாரு வளர்க்கறாங்க?"

"நம்ம பொண்ணு."

"அப்படியா!" என்றாள், மரியாதையாக. "உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?"

பூனைக்கு வயசாகிவிட்டதம்மா. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

உன்
அப்பா