நாலாம் நம்பர் மெஷினின் ரப்பர் ஷீட்

23-4-84, திங்கள்

காலையிலேயே வெயில். ஏழு மணி டைப்பிங் பேட்ச்சில் மூன்றே பேர். நேற்று ஈஸ்டர், பாதிப் பிள்ளைகள் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. எட்டு டைப்ரைட்டருக்கும் எண்ணெய் போட்டேன். ஆறாம் நம்பருக்கு ரிப்பன் வாங்க வேண்டும்.

பாடகர் வரிசையில் நான் நிற்காத முதல் ஈஸ்டர். முப்பது வருஷம் பேஸ் குரல் பாடிய தொண்டை. போன வருஷம் கட்டிக்கொண்டது, அப்புறம் திறக்கவே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் பாடப் பாட இடது கை விரல்களால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி எஸ்தர் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும், "கோயிலுக்குள்ளயும் கிடாரா? அம்பத்து மூணு வயசு ஆவுது. நாலு பேரு பாக்காங்க." பார்க்கட்டும்.

மாலை ஒத்திகை, மாடசாமி ரேடியோ கடை மாடியில். ஃபேன் போட்டால் ஆம்பிளிஃபயர் இரையும் என்று மாடசாமி ஃபேன் போடவிடுவதில்லை. வேர்வையில் கிடார் வழுக்குகிறது.

மெல்லிசைக் குழுவில் நாங்கள்:
செல்வின் - பாட்டு. தலைவன். பகலில் ஜவுளிக்கடை. 34 வயது, பேச்சு மட்டும் 60.
மாடசாமி - ஆர்கன். ஒயர், பிளக், சால்டரிங் எல்லாம் அவர் பொறுப்பு.
மைதீன் - தபேலா, பாங்கோ. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். தபேலாவிலும் அந்த வாசனை.
நான் - பேஸ் கிடார். ஆறு மாதம் ஆகிறது. முன்பு வாசித்தவன் பம்பாய் போனதால் வந்த அதிர்ஷ்டம். இவர்களுக்கு நான் 'டைப் சார்'.

இன்னொரு உறுப்பினரும் உண்டு. பேஸ் கிடாரை மாட்டும் ஆம்பிளிஃபயர். பழைய ரேடியோ சாமான்களைச் சேர்த்து மாடசாமியே செய்தது. பெயர் மாமியா, மாமியார்தான். கிள்ளுவதால். கிடார் கம்பியில் கை வைத்தால் சில நேரம் சுருக்கென்று ஷாக் அடிக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் நின்றுவிடும். எந்தப் பக்கம் சரி என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் மேடை ஏறியதும் மாடசாமி புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்து, சரியான பக்கத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார். கூடவே ஒரு சட்டம்: மேடையில் எல்லோர் காலிலும் ரப்பர் செருப்பு. தோல் செருப்போடு வந்தால் செல்வின் கீழே இறக்கிவிடுவான்.

27-4, வெள்ளி

சிவகிரி. கல்யாண வரவேற்பு. 22 பாட்டு. என் தப்பு: நான் எண்ணியது ஐந்து, மைதீன் எண்ணியது இரண்டு. டைப்பிங் பரீட்சை என்றால் பாஸ்.

கடைசிப் பாட்டுக்கு வழக்கம்போல் செல்வின் மைக்கோடு பின்னால் நடந்து வந்தான். என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டான். பாட்டு முடியும்வரை அப்படியே நின்று பாடினான். எல்லாக் கச்சேரியிலும் இதுதான் முடிவு. ஜனங்கள் இதற்கென்றே காத்திருந்து கை தட்டுகிறார்கள்.

பழைய பேஸ்காரன் கழுத்திலும் இப்படித்தான் போடுவானாம். இருக்கட்டும். அந்த வேர்த்த கை கழுத்தில் விழும்போதுதான் நானும் இவர்களில் ஒருத்தன் என்று நம்ப முடிகிறது. சந்தோஷம். மறைப்பானேன், அழுகையே வந்தது.

வீட்டில் ரசம் சாதம். எஸ்தர் தூங்கிவிட்டாள்.

2-5, புதன்

புழுக்கம். மழை வரும் போல இருந்து வரவில்லை.

ஒத்திகையில் மாமியா கிள்ளினாள். கிள்ளு என்று சொல்லக்கூடாது. முழங்கைவரை இழுத்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்தும். மாடசாமி பொட்டைப் பார்க்காமல் சொருகிவிட்டார். நான் கிடாரைத் தூக்கி மைதீனின் தபேலா மேல் போட்டுவிட்டேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு!

மாடசாமியிடம் டெஸ்டரை வாங்கிக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். விளக்கு நன்றாக எரிந்தது.

"அண்ணாச்சி, இதை ஒழுங்காப் பிரிச்சிச் சரி பண்ணக்கூடாதா? எர்த் ஒயர் ஒண்ணு போட்டா என்ன?" என்றேன்.

மாடசாமி: "எர்த் போட்டா இரையும் சார். அஞ்சு வருசமா ஓடுது. எவனும் செத்துப் போவல."

மைதீன்: "சாருக்கு வீட்டுலயும் கிள்ளு, இங்கனயும் கிள்ளு."

செல்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நல்ல விதமாகத்தான் சொன்னான்: "சார், பயமா இருந்தாச் சொல்லிருங்க. தப்பே இல்ல. ராஜபாளையத்துல ஒரு பையன் வாசிக்கான், கூப்பிட்டா வந்துருவான்."

"பயமா? எனக்கா?" என்றேன்.

இனிமேல் கரண்ட் பற்றி வாய் திறப்பதில்லை.

6-5, ஞாயிறு

புதுக் கச்சேரி. பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அம்மன் கோயில் கொடைவிழா. கொடை செவ்வாய் 15. மறுநாள் மஞ்சள் நீராட்டு, ஊரே ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள். இந்தக் குழுவுக்கு இது முதல் கொடை. இதுவரை கல்யாணம், ஸ்கூல் ஆண்டுவிழா, நம் கோயில் அசன விருந்து, இவ்வளவுதான்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் கடைக்கே வந்து பேசினார். கறுப்பு, ஒல்லி, மரியாதையான மனுஷர். எழுந்து போகும்போது சொன்னது: "மண்மேடை, அம்மனுக்கு நேர் எதுக்க. அங்கன யாரும் செருப்புப் போடமாட்டோம். நீங்களும் பாத்துக்கிடணும்."

செல்வின் உடனே, "அதெப்படிய்யா போடுவோம்? எங்க கோயில்லயும் வெளியதான கழத்துதோம்."

அவர் போன பிறகு யாரும் மாமியாளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மாடசாமி என்னைப் பார்த்தார். "நான் நல்லாப் பாத்து மாட்டுதேன் சார். ஒரு நா தான."

செல்வின் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் சாமி முன்னால் செருப்போடு நின்றால் அசிங்கம்தான். ஆனால் மேடை மண்மேடை. சுற்றிலும் மஞ்சள் தண்ணீர். இதை நான் ஒருத்தன்தான் நினைக்கிறேனா?

9-5, புதன்

சுக்குக் காபி. சளி.

நாலாம் நம்பர் மெஷினில் உட்காரும் பார்வதியைக் கொண்டுவிட அவள் அப்பா வந்திருந்தார். வயர்மேன். நேராகக் கேட்க வெட்கம். யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்: "ஒரு கம்பியில கரண்ட் வருதுன்னு வைங்க. கீழ ரப்பர் ஷீட் போட்டு நின்னா?"

"கெட்டி ரப்பரா? காஞ்சதா? அப்ப நிக்கியவனுக்கு ஒண்ணும் ஆவாது சார். கம்பியைப் புடிச்சிட்டே நிக்கலாம், தெரியக்கூட செய்யாது."

அப்புறம் கிளம்பும்போது திரும்பி, "ஆனா அவன் ஒடம்பு பூரா கரண்டு நிக்கும். வெறுங்காலோட ஒருத்தன் அவனைத் தொட்டாம்னு வைங்க, தொட்டவன் போய்ச் சேந்துருவான். எங்க வேலையில அதான் முதப் பாடம்."

சரி சரி என்று தலையாட்டினேன். எனக்கு முதல் பாதி போதுமாயிருந்தது.

ஒவ்வொரு மெஷினுக்கும் கீழே, மேசை அதிராமல் இருக்க, கெட்டி ரப்பர் ஷீட் இருக்கிறது. கால் அங்குலக் கனம். இரண்டு பாதமும் தாராளமாக நிற்கும்.

14-5, திங்கள்

பேட்ச் முடிந்ததும் நாலாம் நம்பருக்கடியிலிருந்து ஷீட்டை உருவினேன். கழுவிக் காயவைத்து நின்று பார்த்தேன். கறுப்பு, மண்ணில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. செருப்பும் இல்லை. யார் என்ன சொல்ல முடியும்?

மற்றவர்களுக்கும் எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். எட்டு மெஷின், எட்டு ஷீட். என்னுடையது போக மூன்று எடுத்தாலும் நான்கு மிச்சம். பையிலும் வைத்தேன். மைதீன் என்ன சொல்வான் என்று நினைத்துப் பார்த்தேன். செல்வின் ஒன்றும் சொல்லமாட்டான், ராஜபாளையத்துக்குக் கடிதம் போட்டுவிடுவான். திரும்ப எடுத்து மெஷின்களுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.

ஒன்று போதும்.

மனசு சரியில்லை. காரணமே இல்லாமல் எஸ்தரிடம் எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

15-5, செவ்வாய்

பார்வதி: "சார், நாலாம் நம்பர் தடதடன்னு ஆடுது. அடியில ஷீட்டக் காணோம்." பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். ரப்பர் ஷீட்டில் என்ன பழுது? அவள் கேட்கவில்லை.

ஷர்ட் இஸ்திரி. புதுக் கம்பி ஒன்று. தொண்டைக்கு மாத்திரை. டார்ச்.

16-5, புதன். மாலை 4.45

வேனில் வந்தோம். ஊர் முழுக்க மஞ்சள். கொழுந்தியாமார் கூட்டம் குடத்தோடு துரத்துகிறது. மைதீன் மீதும் ஊற்றிவிட்டார்கள், சிரித்துக்கொண்டே நிற்கிறான்.

மேடை இரண்டடி உயர மண்திட்டு. தூசி பறக்காமல் இருக்க எங்களுக்காகவே தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். நல்ல மனசோடு தாராளமாகத் தெளித்திருக்கிறார்கள். கால் வைத்தால் பதிகிறது. செருப்பு எல்லாம் வேப்பமரத்தடியில், வரிசையாக.

மாடசாமி இரண்டு தரம் பார்த்துப் பிளக்கைச் சொருகினார். சுண்ணாம்புப் பொட்டு மேல்பக்கம். கம்பியைப் புறங்கையால் தொட்டார். "மாமியா இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கா சார்."

என் இடத்தில் ஷீட்டைப் போட்டு ஏறி நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

வேனில் செல்வின் சொன்னது: "சார், இந்த ஆறு மாசத்துல நீங்க வாசிக்கியது தனியாத் தெரியுது. இனி ராஜபாளையம் பேச்சே கெடையாது." எல்லார் முன்னாலும் சொன்னான். அந்த நேரத்தில் போய், 'இன்றைக்கு என் கழுத்தில் கை போடாதே' என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பான். ஷீட்டைக் காட்ட வேண்டிவரும்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் நேரம் இருக்கிறது. பிளக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

செல்வின் மனைவி மெர்சி பிள்ளையோடு முன்வரிசையில். கூப்பிடுகிறார்கள்.

21-5, திங்கள்

இடது கையில் மூன்று விரல் கொப்புளம். மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை.

செல்வினை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம்.

நடுவில் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னார்கள், சாமிக்குத் தீபாராதனை. அப்போது யாரோ எங்கள் பிளக்கைப் பிடுங்கி சீரியல் லைட்டை மாட்டியிருக்கிறார்கள். திரும்பச் சொருகியும் வைத்துவிட்டார்கள், உதவியாக. பொட்டு கீழ்ப்பக்கம். அதற்கப்புறம் ஆறு பாட்டு வாசித்தேன். ஆறு பாட்டும் கம்பியில் கரண்ட். எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு நின்றிருந்தால் முதல் பாட்டிலேயே தெரிந்திருக்கும். செத்திருப்பேன், இல்லை கத்தியிருப்பேன். அவன் பிழைத்திருப்பான்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் சொல்ல நினைத்தேனே, சொல்லவில்லை. கை தட்டல் நன்றாக இருந்தது. அவன் மைக்கோடு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். வந்தான்.

மெர்சி அடக்கத்தன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "டைப் சார் மேல கையப் போட்டுட்டு சிரிச்ச மொகமாத்தான் இருந்தாவ. கடைசில சார் பக்கத்துல இருந்தாங்களேன்னு ஒரு ஆறுதல்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மாடசாமி கடை பூட்டிக் கிடக்கிறது. போலீஸ் விசாரித்துவிட்டு அவரை விட்டுவிட்டார்களாம். தான்தான் கொன்றேன் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாராம். போய்ப் பார்க்க வேண்டும். போனால் என்ன சொல்வேன்?

இன்று காலை மைதீன் வந்தான். தினத்தாளில் சுற்றி எதையோ கொடுத்தான். "சார், ஒங்க சாமான். மேடைல கெடந்துச்சு." என் கண்ணைப் பார்க்காமலே திரும்பிப் போனான். ஷீட்டில் மஞ்சள் மண் ஒட்டியிருக்கிறது.

என் மேசைமேல் வைத்தேன். பத்து மணி பேட்ச். பார்வதி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள், நாலாம் நம்பர் தடதடவென்று ஆடியது. நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தாள்.

"ஷீட் வந்துட்டுலா சார். போட்டுறலாமா? மத்த ஏழுக்கும் இருக்கு."