படத்தில் காணாத வடு

வடக்குப்பட்டி
வெகுதானிய வருஷம், தை மாசம்

மொட்டையா, என் ராசா, கடலுக்கு அங்கிட்டு பினாங்கில் இருக்கும் ஒனக்கு ஒன் ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஒங்கய்யாவும் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கோம், அதைத்தான் சொகம்னு எழுதணும், எழுதிட்டேன். அங்கே நீ ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு கொன்னையூர் மாரியாத்தாளைக் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒன் கடுதாசி கார்த்திகைக் கடைசியில வந்து சேந்துச்சு. அன்னைக்கே பதில் எழுதணும்னு ஒக்காந்தேன், கை ஓடலை. ரெண்டாங் கிளாஸோட நின்ன எழுத்து, கோணலா இருந்தா கூட்டிப் படிச்சுக்க. வாத்தியார் வீட்டுல குடுத்து எழுதி வாங்கலாம்னு ஒங்கய்யா சொன்னாரு, இதை இன்னொருத்தருக்குச் சொல்லி எழுத வாய் வரலை.

மழை இந்த வருஷம் கண்ணுல காட்டிட்டுப் போயிருச்சு. கம்மாய் பாதிகூட நெறையலை. மேட்டு வயல்ல போட்டது கருகிப் போச்சு, பள்ளத்து வயல் மட்டும் கையில வந்துச்சு. ஒங்கய்யா காலையில போறாரு, பொழுது சாய வாராரு, பேச்சு இல்லை. சோத்தைப் போட்டா திங்கிறாரு, போட மறந்துட்டா கேக்கறதும் இல்லை. எனக்கும் முந்தி மாதிரி இல்லை, ஒரு கொடம் தண்ணி தூக்கினா ரெண்டு எடத்துல எறக்கி வச்சுத்தான் வாரேன். ஒன் தங்கச்சி ராசாத்தி போட்டுட்டுப் போன பிள்ளை இலுப்பூர்ப் பக்கத்துல அவ மாமியா பிரகதாம்பாளம்மாகிட்டத்தான் வளருது. ஆட்டுப்பால் ஒத்துக்கிட்டு கன்னம் வச்சிருக்கு. பொம்பளைப் பிள்ளைன்னாலும் மாமியா கீழே விடறதில்லை, அதுல கொறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை.

இந்தத் தை கடைசி வெள்ளிக்கு அவங்க வீட்டுல ராசாத்திக்குப் படைப்பு வச்சிருக்காங்க. தாலியோட போனவ, அதுவும் பிள்ளை பெத்த மறுநாள் போனவ, அவளை வீட்டுச் சாமியா நெனச்சுப் புதுச்சேலை எடுத்து வச்சு, பொங்கல் வச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கும்புடணும். நீதான் எழுதியிருந்தே, கல்யாணத்துல எடுத்த படத்தைப் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டு வச்சுக் கும்புடுங்கன்னு. மருமகன் சோலையப்பன் அதே மாதிரி புதுக்கோட்டையில போட்டோ எடுக்கிற செபமாலைகிட்டப் போயி, அவ முகத்தை மட்டும் பெரிசா எடுத்துட்டு வந்துட்டாரு. பொங்கலுக்குப் பிள்ளையைப் பாக்கப் போனப்ப அதைச் சாமி அறையில சாத்தி வச்சிருந்தாங்க. பாத்தேன். மொட்டையா, அந்தப் படம் ஒன் தங்கச்சி இல்லைடா.

நீ கப்பலேறினப்ப அவளுக்கு ஒழுங்காப் பாவாடை கட்டத் தெரியாது. தொடைச்சு வச்ச வெங்கலச் சொம்பாட்டம் முகம். நீ பாத்தது அந்த முகம்தான். அதுக்கு அடுத்த பங்குனியில மாரியாத்தா வந்து எறங்கினா. கண்ணு ரெண்டையும் பொழைக்க விட்டுட்டா, முகம் பூராம் முத்துப் போட்டுட்டுப் போயிட்டான்னு ஒனக்கு அப்பவே எழுதினோம். அம்மை எறங்கி மூணு தண்ணி ஊத்தி முடிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. எளநித் தண்ணியில முகத்தைக் கழுவச் சொன்னாங்க, கழுவினோம். சங்கைப் பசும்பால்ல ஒரைச்சுப் பூசச் சொன்னாங்க, பூசினோம். கசகசாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சுப் போட்டோம். ஆத்தா போட்ட முத்தை அழிக்கப் பாக்குறியேன்னு பூசாரி என்னைக் கோவிச்சுக்கிட்டாரு. பொண்ணைக் கட்டிக் குடுக்கப் போறது நான்தானே, அவரு இல்லையேன்னு நான் பாட்டுக்குப் பூசினேன். மோதிர வெரலால ஒவ்வொரு குழியாத் தொட்டுத் தொட்டு வைப்பேன். பள்ளமா இருந்தது பள்ளமாத்தான் இருந்துச்சு, கறுப்பு மட்டும் கொஞ்சம் தெளிஞ்சுச்சு. நீ அங்கேயிருந்து ஒரு கண்ணாடிச் சிமிழ்ல வாசனையா வெள்ளை மருந்து அனுப்பினியே, அதைப் பூசிக்கிட்டு அவ வந்து நின்னப்ப ஒங்கய்யா, என்னத்தா சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குன்னாரு. அப்ப இன்னொரு பூச்சு பூசிருவோம்யா, மழைக்குத் தாங்கும்னா அவ. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அப்புறம் அதைத் தொடலை.

பொண்ணு பாக்க வந்தவங்க வெத்தலை போட்டுக்கிட்டு, சொல்லி அனுப்புறோம்னுட்டுப் போவாங்க, சொல்லி அனுப்ப மாட்டாங்க. சோலையப்பன்தான் சரின்னாரு. முகத்தைப் பாத்தியாடான்னு அவுக ஆத்தா கேட்டதுக்கு, எனக்கு வலது காது கேக்காதுன்னு அவங்க எதுவும் சொன்னாங்களா, நாம மட்டும் எதுக்குச் சொல்லணும்னாராம். தங்கமான மனுசன். கல்யாணம் முடிஞ்சு புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போயி ரெண்டு பேரையும் நாற்காலியில ஒக்கார வச்சுப் படம் எடுத்தாங்க. பொண்ணு முகத்தைக் கொஞ்சம் பாத்துச் செய்ங்கன்னு சம்பந்தியம்மா செபமாலைகிட்டச் சொல்லிட்டு வந்திருக்காங்க. அந்த ஆளு படம் புடிச்ச கண்ணாடித் தகட்டுல பென்சிலால தடவித் தடவி ஒரு குழி விடாம மூடிட்டாரு. படம் வந்ததும் ராசாத்தி வாங்கிப் பாத்துட்டு, ஏன் அத்தை, ஒங்க மகன் பக்கத்துல ஒக்காந்திருக்கிறது யாரு, எனக்குத் தெரியாம இன்னொருத்தியைக் கட்டி வச்சிட்டீங்களான்னா. வீடே சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் அந்தப் படத்தை அவ எடுத்துப் பாத்து நான் பாத்ததில்லை. அதைத்தான் ஒனக்கும் அனுப்பினோம். தங்கச்சிக்கு வடுவெல்லாம் மறைஞ்சிருச்சே, மருந்து வேலை செஞ்சிருச்சேன்னு நீ சந்தோஷமா எழுதினதை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். அண்ணன் அப்பிடியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும், எழுதிப் போட்டு நோகடிக்காதேன்னுட்டா.

இப்ப பொங்கலன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். சம்பந்தியம்மா பிள்ளையைத் தூக்கி அந்தப் பெரிய படத்துக்கு நேரா காட்டி, பாருத்தா, ஒங்காத்தாளைப் பாருன்னாங்க. பிள்ளை கையை ஆட்டிச் சிரிக்குது. இது எம்மக இல்லைங்க, இந்த முகத்தை நான் பெறலைன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. உசுரோட இருந்தப்ப எத்தனை பேர் வாயில விழுந்து எந்திரிச்சா சம்பந்தி, படத்துலயாச்சும் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே, நாளைக்கு இந்தப் பிள்ளை, எங்காத்தா அழகின்னு சொல்லிக்க வேணாமான்னாங்க. அவங்க சொன்னதும் தப்பில்லை, ஆசையிலதான் சொன்னாங்க. ஆனா எனக்குப் பொறுக்கலை. அழகின்னே சொல்லிக் குடுங்க, அவளைக் காட்டிச் சொல்லிக் குடுங்க, இந்த மூஞ்சிக்கு முன்னால பொங்கலை வச்சுக் கூப்பிட்டா எம்மக வாசல் வரைக்கும் வந்துட்டு, இது வேற யாருக்கோன்னு திரும்பிப் போயிருவா, பெத்த பிள்ளையைப் பாக்காமயே போயிருவான்னேன். ரெண்டு பேரும் அழுதோம், ஆனா விட்டுக் குடுக்கலை. சோலையப்பன் அந்தக் கேக்காத காதை எங்க பக்கம் வச்சுக்கிட்டுக் கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தாரு. கேக்கலைன்னுதான் நான் நெனச்சேன். கயித்தைக் கீழே போட்டுட்டு, காலையில புதுக்கோட்டை மோட்டாருக்குக் கெளம்பி இருங்க அத்தைன்னாரு. அவுக ஆத்தா எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க.

மோட்டார்ல படத்தை மடியில வச்சுக்கிட்டே போனேன். செபமாலை வயசான மனுசர், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்காரு. விசயத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டாரு. ஏம்மா, இருக்கறதை எடுத்துருங்கன்னு கையப் புடிச்சுக் கெஞ்சுறவங்களைத்தான் நான் பாத்திருக்கேன், எடுத்ததைத் திருப்பிப் போடுங்கன்னு ஒருத்தரும் வந்ததில்லைன்னாரு. அவ எறந்துட்டான்னு மருமகன் சொன்ன பெறகு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாரு. தகடு இருந்தா பூசின பென்சிலை அழிச்சாலே போதுமாம், வடு தானா வந்துரும், ஆனா பெரிசு பண்ணின கையோட அது ஒடைஞ்சு போச்சாம். இனிமே படத்து மேலேயே தூரிகையால வச்சாத்தான் உண்டு, எது எது எங்கே இருந்துச்சுன்னு தெரியணுமேன்னாரு. மருமகனைக் கேட்டாரு. நல்ல காதுப் பக்கம் வந்து மறுபடி கேட்டாரு. நான் அவ முகத்தை எண்ணிப் பாத்ததில்லைங்கன்னுட்டாரு சோலையப்பன். அப்புறம் என்னைப் பாத்தாங்க. எனக்கும் சொல்ல வரலைடா. வாயால சொல்லத் தெரியலை. கண்ணை மூடிக்கிட்டுச் சங்குப்பால் பூசுற மாதிரி நெனச்சுப் படத்து மேல வெரலை வச்சேன், வெரல் தானா போச்சு. மூக்கோரத்துல பாசிப்பயறு அளவுக்கு ஒண்ணு, எடது கண்ணுக்குக் கீழே ரெண்டு ஒட்டிக்கிட்டு, புருவத்தை அறுத்துக்கிட்டு நீளமா ஒண்ணு, கன்னம் ரெண்டுலயும் தூவி விட்டாப்புல. கறுப்பாப் பொட்டு வச்சிராதீங்க, நெழல் விழுந்த மாதிரி இருக்கணும்னேன். அந்த ஆளு வைக்க வைக்க அவ மெள்ள மெள்ள வந்துக்கிட்டே இருந்தா. புருவத்துல வச்சதும் சோலையப்பன் எந்திரிச்சு வெளியில போயி ரோட்டைப் பாத்து நின்னுக்கிட்டாரு. நானும் கூப்பிடலை.

திரும்பி வந்து படத்தைப் பழைய எடத்துல சாத்தினோம். சம்பந்தியம்மா சண்டைக்கு வருவாங்கன்னு நான் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டுத்தான் நின்னேன். அவங்க பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து பாத்தாங்க. கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, மோவாயில ஒண்ணு இருக்குமே சம்பந்தி, அதைக் காணமேன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆமா, இருந்துச்சு. ஒதட்டுக்குக் கீழே, நெல்லு நுனியால குத்தின மாதிரி. மஞ்சத் தேச்சுக் கடைசியாக் குளிப்பாட்டுனப்ப என் வெரல்ல பட்டுச்சு சம்பந்தின்னு சொல்லிட்டு, அந்தம்மா படத்துக்கு முன்னாலேயே ஒக்காந்து ஓஞ்சு போற வரைக்கும் அழுதாங்க. சாவு வீட்டுலகூட அவங்க அப்பிடி அழுது நான் பாக்கலை. இனிமே இந்தப் படம்தான் இருக்கட்டும், அதையும் போட்டு வாங்கிட்டு வாங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆனா எந்தப் பக்கம்னு கேட்டா அவங்க வலதுங்கிறாங்க, எனக்கு எடதுன்னு தோணுது. படுத்துக் கெடந்தவளைத் தலைமாட்டுல நின்னு பாத்ததால அவங்களுக்கும் உறுதியாச் சொல்ல முடியலை. எனக்கு அதுவும் இல்லை. பூசுறப்ப அவ மோவாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பூசுவேன், என் கையே அதை மூடிக்கிட்டு இருந்திருக்கு. பெத்தவளுக்குத் தெரியலையேடா. வீட்டுக்கு வந்து ஒங்கய்யாவைக் கேட்டேன், துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு. வெள்ளிக்கு முன்னால செபமாலைகிட்ட இன்னொரு தடவை போகணும், போயி என்ன சொல்றதுன்னு தெரியலை.

நீ அங்கே ஒடம்பைப் பாத்துக்க. சனிக்கெழமை எண்ணெ தேச்சுக் குளி, ஈரத் தலையோட காத்துல படுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்களை நெனச்சு வேலையில கவனத்தை விட்டுறாதே. ஒனக்கு அனுப்பின அந்தக் கல்யாணப் படத்துக்கு மாலை போட்டிருக்கேன்னு எழுதியிருந்தே, அதைக் கழட்டச் சொல்லலை, ஒனக்குத் தெரிஞ்ச ராசாத்தி அவதான். முடிஞ்சா அடுத்த வருஷமாச்சும் ஒரு நடை வந்துட்டுப் போ, ஒங்கய்யா வாயைத் தெறக்க மாட்டாரு, ஆனா தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்லதான் நிக்கிறாரு. மாரியாத்தா ஒன்னை ஒரு கொறையும் இல்லாம வச்சிருப்பா. நீ நல்லா இருக்கணும், நீண்ட ஆயுசோட இருக்கணும். கடுதாசி போடறப்ப ஊருக்கு முன்னால பொன்னமராவதின்னு எழுத மறந்துறாதே, போன தடவை எங்கெங்கேயோ சுத்திட்டு வந்துச்சு.

இப்படிக்கு,
ஒன் ஆத்தா
சின்னப்பிள்ளை

இந்தக் கடுதாசி ஒன் கைக்கு வர்றதுக்குள்ள அந்த வெள்ளி போயிருக்கும். நீ அந்த முகத்தைப் பாத்ததும் இல்லை. இருந்தாலும் கேக்கறதுக்கு எனக்கு வேற ஆளு யாரு இருக்கா. மோவாயில இருந்த அந்த வடு எடப்பக்கமாடா மொட்டையா, வலப்பக்கமா?