ஹெஸ்டரின் ‘சம்’ வார்த்தைகள்

3 மார்ச் 1953, செவ்வாய்

விடாத மழை. பேத்தி ஹெஸ்டர் ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி வார்த்தைகளை உருட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் ‘சம்’ என்று முடியும் பழைய ஆங்கில வார்த்தைகள். ஹேண்ட்சம் பிழைத்துக்கொண்டது, கூடப் பிறந்தவை செத்துப்போயின என்கிறாள். ஹார்ட்சம் என்றால் மனசுக்குத் தெம்பு தருவது. லாங்சம், இழுத்துக்கொண்டே போவது. அக்சம், பார்த்தாலே குமட்டுவது.

“நம்ம மூப்பர் டின்ஸ்டேல் பண்ற ஜெபம் லாங்சமா, அக்சமா?” என்றேன்.

“பாட்டி, அவர் காதுல விழுந்தா நான் சோதனைப் பிரசங்கத்துல தேறின மாதிரிதான்.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த மூளை?

14 மார்ச்

நாளை சோதனைப் பிரசங்கம். தேறினால்தான் எங்கள் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கியாகலாம். இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பெண்ணும் அந்த மேடை ஏறியதில்லை. தவறினால் டின்ஸ்டேல் மறுபடி விடமாட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

15 மார்ச், ஞாயிறு

என்னத்த எழுத. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை நிமிர்ந்து நின்று, “நாம எல்லாரும் ஆண்டவர் முன்னாடி பக்சமா இருக்கணும்” என்றாள்.

பக்சம். அதுவும் அவளுடைய ‘சம்’ கூட்டம்தான். அந்தக் காலத்தில் வளைந்து கீழ்ப்படிவது என்று பொருளாம். மணமகள் கல்யாணத்தில் அதைச் சொல்லித்தான் வாக்குக் கொடுப்பாளாம். இப்போது? மார்பு பெருத்த பெண்ணைத்தான் அப்படிச் சொல்கிறோம். சபை முழுக்க அதுதான் தெரியும்.

பின்வரிசைப் பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு எல்லாரும். பக்கத்து வீட்டு டோர்காஸ் என் விலாவில் இடித்தாள். “அப்ப நீ எப்பவோ பரலோகம் போய்ச் சேர்ந்திருக்கணும்டி.” டின்ஸ்டேல் முகம் வேகவைத்த பீட்ரூட்.

சபையின் சிரிப்பு அடங்கும்வரை ஹெஸ்டர் காத்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன் — அழவில்லை.

“சரி, அப்படியும் இருக்கலாம். ஆண்டவர் எல்லா அளவுலயும் படைச்சிருக்காரு,” என்றாள். பிறகு பழைய பொருளைச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து பேசினாள். என் ரத்தம்.

16 மார்ச்

விடிவதற்குள் எழுந்து மாவு பிசைந்திருக்கிறாள், ஒரு வாரத்துக்கான ரொட்டி.

28 மார்ச்

மூப்பர்கள் கூடினார்கள். டோர்காஸின் கணவர் வந்து சொன்னது இது. டின்ஸ்டேல், “கோயில்ல நெஞ்சைப் பத்திப் பேசின பொண்ணு. வேணாம்” என்றாராம். மேட்டுப்பண்ணைக் கிழவர் ரட் எழுந்து, “பிரசங்கத்துல நான் தூங்காம இருந்தது அன்னிக்கு ஒரு நாள்தான்ப்பா” என்றாராம். போதகர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

19 ஏப்ரல், ஞாயிறு

போதகர் சரி என்றுவிட்டார்; இன்று ஹெஸ்டரின் முதல் பிரசங்கம். ஆடுகள் குட்டி ஈனும் பருவம். ஆனாலும் மந்தையை விட்டுவிட்டு மேட்டுக் கோயிலுக்கு அத்தனை பேர் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லை. ஒருவர் எழுந்து தன் இடத்தைக் காட்டினார். வேண்டாம் என்றேன். ஹெஸ்டர் மேடையில் வேதம் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். சுவரில் சாய்ந்து, நின்றபடியே கடைசிவரை கேட்டேன்.