சிம்மாசனத்துக்கு அடியில் மாவு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குட்டியும் நலம். அங்கே உங்கள் இருமல் குறைந்ததா? மாமா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடக் குட்டியிடம் சொல்லித்தான் வாங்குகிறார். காரணத்தை அவர் போனில் சொல்வதற்குள் நான் எழுதிவிடுகிறேன்.

உங்கள் அப்பா நாடகத்தில் ராஜாவாக உட்கார்ந்த மரச் சிம்மாசனத்தை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாரே, அது வண்டு அரித்து உளுத்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் பொம்மலாட்டப் பொம்மைகளைச் சோதிக்கப் போனபோதுதான் பார்த்தேன். பின்னங்காலில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். பழைய ஓட்டை என்றால் உள்ளே அழுக்கேறிக் கறுத்திருக்கும். இவை பளிச்சென்று வெளுத்திருந்தன. ஆனால் கீழே தூளே இல்லை. தூள் இல்லையென்றால் வண்டும் இல்லை என்று அருங்காட்சியக இயக்குநர் அடித்துச் சொல்லிவிட்டார்.

விசாரித்தால், எல்லாம் நம் வீட்டு மன்னரின் வேலை. காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் நேரே அங்கேதான் போயிருக்கிறார். கொடுத்தவராயிற்றே என்று காவலாளியும் உள்ளே விட்டிருக்கிறார். சிம்மாசனத்தையும் அதைச் சுற்றித் தரையையும் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு வருவாராம்.

கொஞ்ச நாள் அவரை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்தேன். சலித்த மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தது. இயக்குநர் உடனே சம்மதித்தார். பொம்மைகளுக்குப் பரவுமுன் சிம்மாசனத்தைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, உள்ளே பிராணவாயுவே இல்லாமல் செய்துவிட்டோம். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் சாக வாரக்கணக்கில் ஆகும். நடுவில் பிரித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

மாமாவை அழைத்துப் போய்க் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். உறையின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் கண்ண மூடுறதுக்குள்ள பிரிச்சிடுவியாம்மா?" என்று கேட்டார்.

"நாள் ஆகாம பிரிக்க மாட்டேன் மாமா" என்றேன். அதோடு பேச்சு நின்றது. ஆனாலும் பிரிக்க மாட்டேன்.

டாக்டர் சொன்னதை நாம் அவரிடம் மறைத்தோம். அவருக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. உறையைச் சீக்கிரம் பிரிக்க என்னிடம் சிபாரிசு செய்யச் சொல்லி உங்களைக் கேட்பார். செய்யாதீர்கள். உறை பிரிக்கும் நாளுக்கு லீவு போட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். இப்போதே கிளம்பி வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி